முப்பத்தொரு பைட் நாய்

பான்செவோ, எண்பத்து நான்கு, சனி இரவு.
"இப்போது பதிவுப் பொத்தானை அழுத்துங்கள்"
என்பார் வானொலிக்காரர்.
பிறகு கீச்சொலி,
தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் மூன்று நிமிடம்.
வானொலி பழுதென்றே அப்பா சாகும்வரை நம்பினார்.

மிலுதினும் நானும் பற்றவைத்த கணினி
மூடியில்லாமல் செருப்புப் பெட்டிக்குள் கிடந்தது.
நினைவகம் நான்கு கிலோபைட்.
நாங்கள் எழுதிய விளையாட்டில் தமிஷ் ஆறு ஓடியது.
இடம் போதவில்லை, ஆற்றை எடுத்தோம்.
பாலம் மட்டும் எதற்கோ நின்றது.
காவல்காரன் ஸ்வெதிஸ்லாவ்
கடைசியில் வெறும் 'ஸ்' ஆனான்.
நாயை எடுப்பதா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை:
முப்பத்தொரு பைட் நாய்.

காலி கேசட் வாங்கக் காசில்லை.
அலமாரியில் கைக்கு எட்டியதை எடுத்தேன்.
போரிவோய் மாமாவின் கல்யாணம் அது,
மொத்தமே மூன்றேகால் நிமிடம்.
மறு வருடமே டான்யூபில் படகோடு போனவர்.
அவர் மேல்
நிலவில் இறங்கும் கலம் ஒன்றைப் பதித்துவிட்டேன்.

அம்மா திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

கீச்சொலி முடிகிற இடத்தில்
பதினோரு நொடி தப்பியிருந்தது:
கோப்பைகள் மோதும் சத்தம், ஒரு இருமல்,
"ஊற்றுடா, என்ன பார்க்கிறாய்?"

அந்த நாடாவை அம்மா ஒருநாளும்
முன்னால் ஓட்டிக் கேட்டதில்லை.
மாவு பிசைந்தபடி முதலிலிருந்து கேட்பாள்.
கீச்சு எங்கே ஏறும், எங்கே தணியும்
எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

என் கைபேசியில் இன்று நாற்பதாயிரம் படங்கள்.
போன வாரம் மிலுதின் கூப்பிட்டுக் கேட்டான்:
நாயை வைத்தோமா, எடுத்தோமா?

தெரியவில்லை.
பாலம் ஞாபகமிருக்கிறது.