சீ என்றால் ஆமாம்

காலாப்பட்டு, பெண்கள் விடுதி, இரண்டாம் வாயில்.
இரவுப் பணி: அஞ்சலாட்சி.
பதிவேட்டின் பின்னட்டையில்
அலுவலகம் ஒட்டிவிட்டுப் போன தாள்:
பெரு நாட்டிலிருந்து பதினோரு மாணவிகள் வருகிறார்கள்,
காவலர்கள் பத்து வாக்கியம் பழகிக்கொள்ளவும்.

புதுச்சேரிக்காரி என்றால் பிரெஞ்சு வரும் என்பார்கள்
விழுப்புரம் தாண்டினால்.
எனக்கு வந்ததெல்லாம் தெருப்பலகையில் இருக்கும் 'ரூ'.
இது ஸ்பானிஷ். இதற்குப் பலகையும் இல்லை.

ஓலா.
ஆட்டோ வராது, வணக்கம் வரும்.
கிராசியாஸ், நன்றி.
அகுவா, தண்ணீர்.
மூன்றாம் மாடியில் ஆறு மணிக்கு மேல்தான் ஏறும் என்பதற்குத்
தாளில் வாக்கியம் இல்லை.

நான்காவது: சீ.
அப்படியென்றால் ஆமாமாம்.
நாற்பத்தாறு வருஷமாக
தெருநாய்க்கும்
பஸ்ஸில் உரசுகிறவனுக்கும் வைத்திருந்த சொல்.
கண்ணாடி முன்னால் நின்று
முகம் சுளிக்காமல் சொல்லிப் பார்த்தேன்.
சீ. சீ.
அடுப்படியிலிருந்து மகன் கேட்டான்,
யாரும்மா அது?

விமானம் தாமதம். திண்டிவனத்தில் மழை.
வேன் வந்து நின்றபோது மணி இரண்டே கால்.
நனைந்த பெட்டிகள், நனைந்த தலைகள்,
விடுதி இதுதானா என்பது போல ஒருத்தி கைகாட்டினாள்.
பத்தில் ஒன்பது ஓடிப்போயிருந்தது.
மிச்சமிருந்ததைச்
சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்:
சீ! சீ!
பதினோரு பேரும் திருப்பிச் சொன்னார்கள், சீ! சீ!
டிரைவர் காத்தமுத்து
பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார்.
என்னக்கா, வந்ததும் வராததுமா சண்டையா?

ஒன்பது நாள் கழித்து,
விடியற்காலை மூன்று மணி. அங்கே சாயங்காலமாம்.
கேட் விளக்கடியில் தரையில் உட்கார்ந்து
ஹிமேனா போனில் அழுகிறாள்.
மாமா, மாமா என்கிறாள்.
முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல்
அவளுக்காக ஒன்றும் நிறுத்தவில்லை.

பாவம், தாய்மாமனுக்கு என்ன ஆச்சோ.
மறுநாள் கையெழுத்துப் போட வந்தவளிடம்
மாமா என்று சொல்லி,
கையை விரித்துக் கேட்டேன்.
படம் காட்டினாள்.
பச்சை ஸ்வெட்டர்,
அவளுடைய அதே மூக்கு,
ஒரு பெண்.

அன்றிரவு தாளில்
பத்தாவதுக்குக் கீழே நானே எழுதினேன்,
பகல் பணிக்கு வரும் பூமயிலும் படிக்கட்டும்:

பதினொன்று. மாமா, அம்மா.
இதற்குப் பதில் சொல்ல வேண்டாம்.
நாற்காலியை விளக்கடிக்கு நகர்த்திப் போட்டுவிட்டு
அந்தப் பக்கம் ஒரு சுற்று போய்வரவும்.