பிரிவு பதினான்கு

ஸ்வீட்வாட்டரில் தண்ணீர் உப்புக்கரிக்கும்.
பெயருக்கும் பொருளுக்கும் நடுவிலுள்ள தூரத்தில்தான்
என் பிழைப்பு நடக்கிறது.

அபிலீனிலிருந்து நாற்பது மைல்.
வழியெல்லாம் காற்றாலை இறகுகள்
லாரியில் மல்லாந்து போயின.
ஒன்றைக் கடப்பதற்குள்
ஒரு கட்சிக்காரரின் போனை எடுத்துப் பேசி வைத்துவிட்டேன்.

ஹெட்ஜ்பெத் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
ராய்ஸ் ஒரு முனை, லொரீன் மறுமுனை,
நடுவில் நானும் ஒரு கெச்சப் புட்டியும்.
இருவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல்;
அதற்கும் இருவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.
அப்பன் விட்டுப்போன உயிலில் இரண்டே வாக்கியம்:
'சரிபாதி. சண்டை போடாதீர்கள்.'
சண்டைக்கு இதைவிட நல்ல விதையை
சட்டம் படித்தவர் யாரும் ஊன்றியதில்லை.

ஆறு மாத இழுபறிக்குப் பிறகு முடிவானது:
மண் அண்ணனுக்கு. காற்று தங்கைக்கு.
பருத்தியும் மாடும் அவனுடையவை.
தரைக்கு நாற்பது அடி மேலே வீசுவதெல்லாம் அவளுடையது,
கம்பெனி தரும் குத்தகை உட்பட.
கோபுரம் கால் ஊன்றும் வட்டத்துக்கு மட்டும்
அவனுக்கு வாடகை.

என் மொழியில் பிரிவு என்றால் சட்டத்தின் ஒரு பகுதி,
மனிதர் விலகிப் போவதும் அதுவே.
இரண்டுக்கும் மணிக்கணக்கில்தான் வாங்குகிறேன்.

காற்று என்றால் என்ன என்று
இரண்டு ராத்திரி விழித்து வரையறை எழுதினேன்.
'மேற்படி நிலத்தின் மீது எத்திசையிலிருந்தும்
எவ்வேகத்திலும் இயல்பாகக் கடந்து செல்லும்...'
ஆங்கிலத்தில் எழுதியதை வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று
திசைக்கொரு பெயர் வைத்தவர்கள்
ஒன்றுக்கும் பட்டா போடாமல் விட்டிருக்கிறார்கள்.

ராய்ஸ் கேட்டான்:
'ராத்திரி என் வலைக்கதவை வந்து அறைகிறதே, அது யாருடையது?'
'நாற்பது அடிக்குக் கீழே. உங்களுடையது.'
'மேலேயிருந்து இறங்கி வந்ததாக இருந்தால்?'
லொரீன் சிரித்துவிட்டாள்.
அந்த வருஷத்தில் முதல்முறையாக
இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்,
எனக்கு எதிராக.

பதினான்காம் பிரிவுக்கு வந்தோம்.
முப்பது வருஷம் கழித்துக் கோபுரத்தைப் பிடுங்குவது யார்,
அதற்கான பணத்தை இன்றே எந்த வங்கியில் முடக்குவது,
புதைத்த கான்கிரீட்டை
எத்தனை அடி ஆழம் வரை உடைத்து எடுப்பது.
கம்பெனி மூன்று அடி என்றது.
நான் நான்கு கேட்டிருந்தேன்.
'ஐந்து,' என்றாள் லொரீன்.
மண் உங்கள் பங்கில் இல்லையே, என்றேன்.
'அவன் கலப்பையை எப்போதும் ஆழமாகத்தான் இறக்குவான்.'
ராய்ஸ் கெச்சப் புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை
முழுசாகப் படித்து முடித்தான்.

கம்பெனி ஐந்துக்கு இறங்கி வர இன்னும் மூன்று வாரம்.

கையெழுத்து நாளன்று
நோட்டரி டெல்ஃபீனா உள்ளே வரமாட்டேன் என்றாள்,
அவளுக்குப் பூனை ஆகாது.
அவள் பிக்கப் வண்டியின் மூக்கின் மேலேயே
தாள்களைப் பரப்பினோம்.
மேலே ஒரு சுத்தியல், ஒரு காபிக் குவளை, என் முழங்கை.
பக்கம் புரட்ட முழங்கையைத் தூக்கினேன்,
அவ்வளவுதான்.
பதினான்காம் பிரிவு எழும்பி
கொட்டகைக்கு மேலே போனது,
மெஸ்கீட் புதரில் கொஞ்சம் யோசித்தது,
தெற்கு வேலியின் முள்கம்பியில் போய்த் தைத்துக்கொண்டது.

எத்தனை அடி உயரத்தில் போனது என்று
யாரும் அளக்கவில்லை.

ராய்ஸ் நடந்தான். லொரீனும் பின்னால் போனாள்.
திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.
வேலியருகே ஏதோ பேசினார்கள்,
காற்று எதிர்த்திசையில் அடித்ததால்
எனக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

தாளின் ஓரத்தில் முள் குத்திய ஓட்டை.
மறுபடி அச்சடித்துக் கொண்டுவருகிறேன், என்றேன்.
வேண்டாம், என்றார்கள்.
ஓட்டையைச் சுற்றி மூவரும் சுருக்கொப்பம் இட்டோம்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில்
அந்த அம்மாள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்,
ஒற்றைக் கண்ணால் அதன் வழியே என்னைப் பார்த்தாள்.
பக்கத்துக்கு நான்கு டாலர்.
ஓட்டைக்குத் தனிக் கட்டணம் இல்லை.