மறதிக்கு ஓர் எண்

தக்குவரெம்போவில் ஜூலை மாதம் எலும்பு வரை குளிர்.
இரண்டாம் பி வகுப்புக்கு ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
அதன் பக்கத்தில் உட்கார இருபத்தாறு பேர்.
நான் கணக்கு டீச்சர். இந்த நிரல்
எனக்கே நேற்றிரவுதான் அறிமுகம் என்பதை
அவர்களிடம் சொல்லவில்லை.

பச்சைக் காது முளைத்த சின்ன மடிக்கணினிகள் திறந்தன.
கறுப்புத் திரையில் நூறு எறும்புகள்.
நூறு புள்ளிகள் என்பதே சரி.
ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி:
சும்மா அலை.
இரை கிடைத்தால் வாசனை சிந்திக்கொண்டே கூடு திரும்பு.
வாசனை பட்டால், அது மிகும் பக்கம் போ.
வேறெதுவும் அவற்றுக்குத் தெரியாது,
தாம் நூறு பேர் என்பதுகூட.

ஓடவிட்டோம்.
கொஞ்ச நேரம் கொட்டிய கடுகாய்க் கிடந்தது.
பிறகு ஒரு கோடு,
மெல்லிசாய், நடுங்கியபடி,
கூட்டிலிருந்து இரைக்கு.

‘எந்த எறும்பு வழி காட்டியது?’
கேட்டது நான்தான்.
இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மாயித்தே தன் கூட்டில் ஒரு ராணி வரைந்திருந்தாள்,
மஞ்சளில், கிரீடத்தோடு.
அவளை அழித்துப் பார்த்தாள்.
கோடு அசையவில்லை.
‘டீச்சர், இவ சும்மாதான் இருந்திருக்கா.’

யமந்தூ ஒப்பவில்லை.
இறைச்சித் தொழிற்சாலையில் அவன் அப்பா மேஸ்திரி,
விடிகாலை நாலரைக்கு விசில் ஊதுகிறவர்.
ஒருத்தர் சொல்லாமல் ஒரு வேலையும் நகராது என்றான்.
ஓர் எறும்பைச் சிவப்பாக்கினான்.
மற்றதற்கெல்லாம் ஒரே வரி: சிவப்பின் பின்னால் போ.
அழகாகத்தான் போயின, அணிவகுப்பு மாதிரி.
சிவப்பு வலது மூலைச் சுவரில் முட்டியது.
நூறும் முட்டின.
திரை மூலையில் ஒரு கட்டி, துடித்துக்கொண்டு.
வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.
அடுப்பை விட்டு எழுந்துபோய்
சில்லிட்ட ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

வில்மாரின் திரையில் வேறு கூத்து.
இரை தீர்ந்துவிட்டது, எறும்புகள் தீரவில்லை.
இருந்த இடத்துக்கே போய்ப் போய்
வெறும் கறுப்பை மொய்த்தன.
இரண்டு விரற்கடை இடப்பக்கம்
புது இரை, தொடுவாரில்லாமல்.

வரி வரியாகத் துழாவினோம். எழுதியதில் பிழையில்லை.
எழுதாமல் விட்டதுதான் பிழை:
வாசனை ஆவியாக வேண்டும்.
நொடிக்கு நொடி கொஞ்சம். நூற்றுக்கு எத்தனை?
பூஜ்யம் என்றால் செத்த வழியிலேயே சுற்றுகின்றன.
ஐம்பது என்றால் கோடு கூடுமுன் கலைகிறது,
ஒவ்வொன்றும் அன்றைக்குப் பிறந்த எறும்பாகிவிடுகிறது.

அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லத் தெரியவும் இல்லை.
மூன்று, முப்பது, பன்னிரண்டு என்று
ஆளுக்கொரு எண்ணை உருட்டினார்கள்.
அக்கம்பக்கத்துத் திரையைத் திருட்டுத்தனமாய் எட்டிப் பார்த்தார்கள்.
கால்மணி நேரத்தில் அநேகமாக எல்லாத் திரையிலும்
ஏழு.
யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்க வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

மணி அடித்ததும் வாசலில் இருபத்தாறு பேரும் நெரிந்து நின்றார்கள்,
தானாகவே கரைந்தார்கள்.
யமந்தூ கடைசியில் வந்தான்.
‘ஒன்பதுலயும் ஓடுது டீச்சர்,’ என்றான்,
பதிலுக்குக் காத்திராமல் போனான்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தேன்,
மாத்தேக் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
யோசனையாய்.
சதுக்கம் தாண்டி வலப்பக்கம், மறுபடி வலப்பக்கம்.
படியேறிச் சாவியை எடுத்த பிறகுதான் பார்த்தேன்,
கதவில் ஒரு பல் மருத்துவரின் பலகை.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து
போன ஜூலையோடு ஒரு வருஷம்.
நாங்கள் என்பது
இப்போது நான் மட்டும்.