இடது பக்கம்

மகளின் டப்பாவிலிருந்து எடுத்த காம்பஸ்.
பத்து மணிக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை,
ஒன்பதரைக்குள் பள்ளி வாசலில் தருவதாகப் பேச்சு.

காசிமேட்டில் ஐஸ் லாரி போனால்
சாரம் நடுங்கும்.
அதுவரை மூச்சையும் பென்சிலையும் நிறுத்திவைப்பேன்.

வளைவுக்கு எண் கிடையாது,
டேப் பிடித்தால் ஏமாற்றும்.
ஃப்ரிட்ஜ் வந்த அட்டையைச் சுவரோரம் நிறுத்தி
இருப்பதிலேயே பெரிய இடைவெளிக்குக் காம்பஸை விரித்து
ஒரு கால் படகில், ஒரு கால் அட்டையில்,
மணிக்கட்டைத் திருப்பாமல்
மேலிருந்து இறங்குவேன்.
படகு தன்னைத் தானே எழுதிக்கொள்ளும்.

வலது பக்கம் நேற்றே முடிந்தது.
வேங்கைச் சட்டம் உட்கார்ந்த இடத்தில்
பஸ் டிக்கெட் நுழையவில்லை.

இன்று ஆறு மணிக்கு
அதே அட்டையைப் புரட்டி இடது பக்கம் வைத்தேன்.
மூன்று விரல் நுழைந்தது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
மூன்று விரல்.

"அட்டை ஈரம் குடிச்சிருக்கும்ணா" என்றான் மஸ்தான்.
அட்டை குடிக்கவில்லை.
பெயின்ட்டைச் சுரண்டினால்
ஒரு முழத்துக்குப் புட்டி.
தூண்டில் வளைவின் கல்லோ
இன்னொரு படகின் மூக்கோ,
எப்போதோ வாங்கிய குத்தில்
உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது விலா.

அடிபடாத படகு என்று சொல்லித்தான்
தேசராணியிடம் தள்ளியிருக்கிறார்கள்.
நகை பேங்கில் இருக்குது,
இடுக்கு தெரியாம வேலை இருக்கணும் என்று
முந்தாநாள் டீ வாங்கிவந்து சொல்லிப் போனாள்.

இடதுக்கென்று வேறொரு அட்டை.
கோட்டுக்கு வெளியே அறுத்தேன்.
சுவரில் சாக்பீஸ் தடவி, வைத்து, எடுத்து,
வெள்ளை ஒட்டின மேட்டை மட்டும் அரத்தால் தின்றேன்.
பின்விளிம்பைச் சாய்த்து இழைத்தேன்.
ஐந்தாம் முறை
சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

நன்றாகச் செய்ததுதான் சிக்கல்.
இனி யார் கண்ணுக்கும் தெரியாது.

திருகாணி போடவில்லை.
இரண்டு அட்டைகளையும் சுருட்டிக்கொண்டு
ஏலக் கூடத்துக்கு நடந்தேன்.
காலடியில் செதிள், தலைக்கு மேல் காக்கா.
வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பிடித்தேன்.
ஓரத்தில் ஒரு வாளை மீன் நீளத்துக்கு
மிச்சம் பிதுங்கியது.

தேசராணி தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.
"இதுவா, அதுவா, எது என் படகு?" என்றாள்.

ரெண்டும், என்றேன்.

மணி ஒன்பதே முக்கால்.
சட்டைப்பையில் காம்பஸ்
அந்த இடைவெளிக்கே விரிந்தபடி
நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது.