எழுபத்திரண்டு கிலோ

மீனம்பாக்கம், பழைய ஹேங்கர்.
தகரக் கூரையில் பதினொரு மணி வெயில்.
செஸ்னாவின் வாலடியில் மல்லாந்து கிடக்கிறேன்,
மூன்று நாளாய் ஒரே வேலை:
டிரிம் கேபிள் மாற்றுவது.

கைப்பிடியை இழுத்தால்
வாலின் எலிவேட்டர் பலகை மேலேறும்,
காற்று வாலை அழுத்தும், மூக்கு நிமிரும்.
இழுத்துக்கொண்டே இருந்தால்தான் நிமிர்ந்திருக்கும்.
அது தோளின் வேலை.
தோள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று
தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை
கம்பியில் தொங்கியவரைக் கேளுங்கள்.

அதற்குத்தான் பலகையின் விளிம்பில்
நாலு விரல் அகலத்தில் இந்தத் தகடு.
தான் கீழே சாய்ந்து
பலகையை மேலே தள்ளும்.
ஆகவே மூக்கு மேலே என்று சக்கரத்தைச் சுற்றினால்
தகடு கீழே இறங்க வேண்டும்.
ஏறினால்,
கேபிளைத் தலைகீழாய்க் கோத்திருக்கிறேன்;
ஓட்டுபவர் திருத்தத் திருத்தத்
தவறு கூடும்.

ஒன்பது முறை சுற்றினேன். இறங்கியது.
பத்தாவது முறை பொன்னுரங்கம் சுற்ற
நான் வாலருகே நின்றேன்.
இறங்கியது.

கட்டியவனும் சோதனைக்கு ஏற வேண்டும்,
அது கேப்டன் லிடியா டிக்ரூஸின் சட்டம்.
எடைத்தாளை நீட்டினாள்.
பின் இருக்கை: எழுபத்திரண்டு, என்று எழுதினேன்.
என் கல்யாணத்தன்று அது உண்மை.

பரங்கிமலை இறக்கைக்கடியில் நழுவியது.
போரூர், அப்புறம் செம்பரம்பாக்கம்,
நீர் வற்றிய விளிம்பில் எறும்பளவு எருமைகள்.
இரண்டாயிரம் அடியில் இன்ஜினைத் தணித்து
கைப்பிடியை அழுத்திப் பிடித்துக் காத்திருந்தாள்.
வேகம் அடங்கட்டும், அப்புறம்தான் சக்கரம்.
"அவசரக்காரங்க சக்கரத்தாலேயே ஓட்டுவாங்க" என்றாள்,
ஏரியிடம் புகார் சொல்வதைப் போல.

மூக்கு கீழே என்ற பக்கம்
பெருவிரலால் ஒரு பல். இன்னொரு பல்.
நிறுத்தினாள். மறுபடி ஒன்று.

"ஞானமணி சார்,
நீங்க எழுதினது எழுபத்திரண்டு.
சக்கரம் எண்பத்தஞ்சு கேக்குது."

இன்டர்காமில் இரைச்சல் மட்டும்.
டாக்டரிடம் மறைத்தது,
வீட்டில் பெல்ட்டைச் சுருட்டி மறைத்தது,
இவள் பெருவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

கழுத்தைத் திருப்பிப்
பின்கண்ணாடி வழியே வாலைப் பார்த்தேன்.
மூன்று நாளாய் என் முகத்துக்கு மேல்
கிரீஸ் சொட்டிய அதே தகடு
நகக்கண் அளவு நிமிர்ந்து நின்றது.
பின்னால் உட்கார்ந்து மூக்கைத் தூக்கும் என்னை
ஓசையில்லாமல் சரிக்கட்டிக்கொண்டு.

பிறகு கைப்பிடியை விட்டாள்.
இரண்டு உள்ளங்கையையும் காட்டினாள்,
சோறு போதும் என்பவளைப் போல.
ஒரு காற்றுமேடு.
மூக்கு எழுந்தது, வேகம் குறைந்தது,
தானே தாழ்ந்து வேகத்தைப் பிடித்தது,
எழுந்தது, தாழ்ந்தது, ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாய்,
அடிவானத்தில் பழைய இடத்துக்கே வந்து அமர்ந்தது.
யாரும் தொடவில்லை.
எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

இறங்கியதும் லாக்புக்கில்:
டிரிம் சரி, கைவிட்டுச் சோதிக்கப்பட்டது.
பிறகு எடைத்தாளை வாங்கி
எழுபத்திரண்டை ஒரு கோட்டால் அடித்தேன்.
எண்பத்தெட்டு.
ஓரத்தில் கையெழுத்து.

அவளும் மூன்று கிலோ
விட்டுத்தான் கொடுத்திருக்கிறாள்.