தனித்தனி நாற்காலி

செந்தூலில் கடை திறந்த பதினோராம் நாள்
கதவைச் சாத்தச் சொன்னார்கள்.
ஊருக்கே சொன்னதுதான்.
ஆனாலும் பெயிண்ட் வாசம் போகாத பெயர்ப்பலகைக்கு
தன்னை மட்டும் சொன்னதாகப் பட்டிருக்கும்.

பந்தல், நாற்காலி, பெரிய விசிறி வாடகைக்கு.
பலகையில் இருந்தது என் கைப்பேசி எண்.
முதல் வாரம் ஓயாமல் அடித்தது:
ரவாங் கல்யாணம், காப்பார் காதுகுத்து,
எல்லாருக்கும் முன்பணம் திரும்ப வேண்டும்.
அப்புறம் அடிக்கவே இல்லை.
திட்டுவதற்காவது யாராவது கூப்பிடலாம் என்றிருந்தது.

நானூறு நாற்காலி. சிவப்பு.
பத்துப் பத்தாய் அடுக்கினால் நாற்பது தூண்.
நடுவே குணாளன்
கால்குலேட்டரோடு தரையில்.
"ஒன்றை எடுத்துப் போட்டு உட்காரேன்."
"விற்கும்போது புதுசாக இருக்கட்டும்."

வங்கி ஆறு மாதம் தவணை கேட்கவில்லை.
வட்டி
யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது.
கடைக்காரர் மிஸ்டர் யாப் சொன்னார்:
பாதி கொடு, மீதியை எழுதி வை.
எழுதினோம்.
லோரியை விற்றோம்.
பந்தல் துணியை வெட்டி முகக்கவசம் தைத்தேன்,
ஓரத்தில் ஜரிகையோடு;
மூச்சு முட்டுகிறதென்று அறுபதில் ஐம்பது திரும்பி வந்தன.

அடுத்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை,
தடுப்பூசி போடும் பள்ளி மண்டபத்திலிருந்து ஒரு பெண்:
"இங்கே நீள பெஞ்சுதான். ஒட்டி ஒட்டி உட்காருகிறார்கள்.
தனித்தனியாக வேண்டும். எத்தனை இருக்கிறது?"

விற்ற லோரியை
வாங்கியவனிடமே வாடகைக்கு எடுத்தோம்.
தோரணம் கட்டும் கயிற்றில்
மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டான் குணாளன்.
உறவுகள் நெருங்கி உட்கார வாங்கியவற்றை
முடிச்சு முடிச்சாய்
விலக்கி வைத்தோம்.
ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்டினோம்.
ராத்திரி ராத்திரி மருந்து தெளித்துத் துடைத்ததில்
சிவப்பு வெளுத்து
ஈறு நிறமாகிவிட்டது.

சாமர்த்தியம் என்கிறார்கள் இப்போது.
அந்தப் பெண்ணுக்கு எங்கள் எண்ணைக் கொடுத்தது
முன்பணத்துக்காக என்னைக் கிழித்தெடுத்த
காப்பார்க்காரர்.
எனக்கு அது மட்டும்தான் தெரியும்.

மண்டபத்துக்குப் பிறகு முதல் கல்யாணம்
எங்கள் தெருவிலேயே.
சனங்கள் ஒன்று விட்டு ஒன்றாய் உட்கார்ந்தார்கள்,
யாரும் சொல்லாமலே.
பச்சைச் சேலைக்காரி ஒருத்தி
இருநூற்றுப் பதினேழை
இருநூற்றுப் பதினாறின் பக்கம் இழுத்தாள்.
சிமெண்டில் கர்ரென்று ஒரு சத்தம்.
பிறகு எல்லாப் பக்கமும் அதே சத்தம்.

மிஸ்டர் யாப்பும் வந்திருந்தார்.
பாக்கி மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
அதைப் பற்றிப் பேசவில்லை.
உட்காருமுன்
நாற்காலியை மட்டும்
ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.