குளியலறை ஒன்றுதான்

ஆடிப்பெருக்குக்கு முந்தின இரவு.
பாண்டி பஜார் ஜவுளிக்கடைக்காரர்
சரியாகப் பன்னிரண்டு மணிக்கு
பாதி விலைக்குச் சேலை விடுகிறார்,
ஷட்டரைத் தூக்காமலேயே.
கதவு என்னிடம் இருக்கிறது.
காரப்பாக்கம், ஆறாவது மாடி,
ஏசியைக் குறைக்க ரிமோட் இல்லாத அறை.

ஆறு இயந்திரங்கள் ஓடுகின்றன.
இயந்திரம் என்கிறேனே தவிர
ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை.
மும்பையில் யாருடைய இரும்பையோ
மனை பிரிப்பதுபோலப் பிரித்து
மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.
நாலு கோர், பதினாறு ஜிபி,
மணிக்குப் பதினோரு ரூபாய்.
கீழே அன்சாரி கடையில் டீ பன்னிரண்டு.

சுமை எழுபதைத் தாண்டினால் தானாக இரண்டு சேரும்,
முப்பதுக்குக் கீழே இறங்கினால் தானாக ஒன்று கழியும்.
விதியை எழுதியவள் நான்தான்.
எழுதியபோது யோசிக்கவில்லை,
இந்த ஊருக்கு எதுவும் இரண்டிரண்டாக வருவதில்லை.
தண்ணீர், குழாயில் வராது;
வந்தால் வேளச்சேரியில் மாடிப்படி ஏறும்.

12:00. நாற்பத்தொன்று.
12:01. எண்பத்தெட்டு.
ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம்,
நாலு கோர் எம்மாத்திரம்.
புதியவை எழுந்து முகம் கழுவ மூன்று நிமிடமாகும்.
அதற்குள் பழையவற்றில் இரண்டு
பதில் சொல்வதை நிறுத்திவிட்டன.
விதியை அணைத்தேன்.
கையாலேயே போட்டேன், இருபது.
இன்னொரு இருபது.
திரை முழுக்கப் பச்சைப் புள்ளி முளைத்தது.
அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் விடுதியில் மூன்று கட்டில் அறைக்கு
போன மாதம் ஐந்தாவது கட்டில் வந்தது.
குளியலறை ஒன்றுதான்.

குளியலறை ஒன்றுதான்!
நாற்பத்தாறும் போய் வரிசையில் நிற்பது
ஒரே தரவுத்தளத்தின் வாசலில்.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்த முடியாது,
அதையேதான் பெரிதாக்க வேண்டும்.
பெரிதாக்க, அணைத்து எழுப்ப வேண்டும்.

போனில் ரகோத்தமன்:
"எவ்வளவு நேரம் ஜென்சி?"
"நாற்பது நொடி."
"கடைக்காரருக்கு என்ன சொல்ல?"
"சேலை மடிக்கிறோம்னு சொல்லுங்க."
அமுக்கினேன்.

எல்லாக் கோடுகளும் தரையில் படுத்தன.
பெரம்பூரிலும் பொள்ளாச்சியிலும்
முப்பத்தோராயிரம் பேர்.
அதில் யாரோ ஒருத்தி
மஞ்சளில் அரக்கு பார்டரைக் கூடையில் போட்டுவிட்டு
கட்டைவிரலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாள்.
ஜன்னலுக்கு வெளியே, இத்தனை விளக்குக்கும் நடுவில்
பள்ளிக்கரணைப் பக்கம் மட்டும் இருட்டு.
மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும்,
அதற்கு யாரும் விதி எழுதவில்லை;
மனை மட்டும் பிரித்தார்கள்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
நாற்பதில் வரவில்லை.
நாற்பத்தொன்றில் வரவில்லை.
ஐம்பத்துமூன்றில் வந்தது.
அந்தப் பதின்மூன்று நொடியும்
நான் எங்கே இருந்தேன் என்று
அறிக்கையில் எழுத ஒரு கட்டம் இல்லை.

மூன்று மணிக்குள் சேலை தீர்ந்தது.
கழிக்கத் தொடங்கினேன்.
நாற்பது, இருபத்தெட்டு, பதினைந்து.
ஏன் நான் என்று எந்த இயந்திரமும் கேட்காது.
கேட்டது ரேஷ்மா பானு.
வாடிக்கையாளர் போன் எடுக்க
பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவள்,
ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டபடி:
"அக்கா, பன்னிரண்டாம் தேதிக்கு அப்புறமும் வரலாமா?"
தெரியலையே என்றேன்.
தெரியும்.

கடைசியில் எண்ணிப் பார்த்தால்
ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு.
பதற்றத்தில் பெயர் வைக்காமல் போட்ட ஒன்று.
யாரும் அதனிடம் எதையும் அனுப்பவில்லை.
சுமை: புள்ளி மூன்று சதவீதம்.
சும்மா விழித்துக்கொண்டு இருக்கிறது.

நீக்கு என்ற பொத்தான் மேல் அம்புக்குறி.
அன்சாரி பாய்லரைப் பற்றவைத்திருப்பார்.
குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்,
பதினோரு ரூபாய்தானே.